கடன் தீர்த்து வைக்கிறவங்க கதை

குரங்கு அப்பம் பங்கு போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பூனைக்கு நடுவுல நாட்டாமையா வந்த குரங்கு, தராசு சமமா நிக்கலைன்னு சொல்லிச் சொல்லி இந்தப் பக்கம் ஒரு கடி, அந்தப் பக்கம் ஒரு கடி... கடைசியில பூனைகளுக்கு மிஞ்சினது வெறும் தராசு. அமெரிக்காவில் இந்தக் கதையை ஒரு தொழிலாவே நடத்தியிருக்காங்க. ஒண்ணு ரெண்டு வருஷம் இல்லை, எழுபது வருஷத்துக்கு மேல. அந்த அப்பத்தைத் திரும்ப வாங்கச் சட்டம் என்னென்ன வழி பண்ணியது, ஒவ்வொரு வழியிலும் குரங்கு எப்படி நழுவியதுங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல தொழில் என்னன்னு பார்த்துடலாம். ஒருத்தருக்கு அஞ்சு கிரெடிட் கார்டு, மொத்தம் 20,000 டாலர் கடன்னு வெச்சுக்கலாம். அஞ்சு இடத்திலிருந்தும் போன் வருது, தூக்கம் போச்சு. அப்போ ஒருத்தர் வந்து, "நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம். மாசம் 500 டாலரை என்கிட்ட குடுங்க, அஞ்சு பேருக்கும் நான் பிரிச்சுக் கட்டறேன், வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேசறேன், எனக்கு ஒரு சின்னக் கட்டணம் போதும்" என்கிறார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 500-ல் முதல் கடி யாரோடது? அஞ்சு பேரில் ரெண்டு பேர் ஒத்துக்கலைன்னா என்ன ஆகும்? அவர் பணத்தை நிஜமாவே கட்டினாரான்னு எப்படித் தெரியும்? இந்த மூணு கேள்வியைச் சுத்தித்தான் மொத்தச் சட்ட வரலாறும் ஓடுது.

கான்சாஸ் போட்ட பூட்டு

1950-கள்லயே இந்தத் தொழில் அங்கே பரவலா இருந்தது. 'டெப்ட் அட்ஜஸ்டர்' என்று பெயர். புகார்கள் குவியவே பல மாநிலங்கள் ஒரே போடா இதைத் தடையே செய்தன. அதில் ஒண்ணு கான்சாஸ். கடனாளிகிட்ட தவணையா பணம் வாங்கி, கூலி எடுத்துக்கிட்டு, கடன் குடுத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிறேன்னு ஒப்பந்தம் போடறதே குற்றம். ஒரே ஒரு விதிவிலக்கு: வக்கீல் தன் வக்கீல் தொழிலோட பகுதியா இதைச் செய்தா தப்பில்லை.

இந்தத் தொழில் செய்துகிட்டிருந்த ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனார். நேர்மையா நடத்துற தொழிலை மூடச் சொல்ல அரசுக்கு என்ன உரிமைன்னு கேட்டார். கீழ் கோர்ட் அவர் பக்கம் நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, 1963 ஏப்ரல் 22-ல் தீர்ப்பு. 'ஃபெர்குசன் எதிர் ஸ்க்ரூபா' என்று சட்டக் கல்லூரியில் இன்னிக்கும் படிக்கிற வழக்கு இதுதான். நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதின தீர்ப்பின் சாரம் எளிமையானது. இந்தச் சட்டம் புத்திசாலித்தனமானதா இல்லையான்னு பார்க்கிறது எங்க வேலை இல்லை, அது சட்டசபையோட வேலை, பிடிக்கலைன்னா அங்கே போய்க் கேளுங்க. கான்சாஸ் ஜெயிச்சது.

சட்ட மாணவர்களுக்கு இது தொழில் சுதந்திரத்துக்கும் அரசு அதிகாரத்துக்கும் நடுவில் நடந்த பெரிய சண்டை. ஆனா கடனாளி பக்கம் நின்னு பாருங்க. அவருக்கு என்ன கிடைச்சது? கான்சாஸ் சட்டம் ஒரு குற்றவியல் சட்டம். தொழில் செய்தவருக்குத் தண்டனை உண்டு, சரி. ஏற்கெனவே கடிச்ச அப்பம்? திருடனைப் பிடிக்கிறது ஒரு வேலை, திருடு போனதை மீட்டுக் குடுக்கிறது வேற வேலை. முதல் வேலையைச் செய்துட்டா ரெண்டாவதும் முடிஞ்ச மாதிரின்னு நினைச்சுக்கிட்டதுதான் இந்தக் கதையின் முதல் பிழை. வக்கீல் விதிவிலக்கையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அது அம்பது வருஷம் கழிச்சுத் திரும்ப வரும்.

தர்ம ஸ்தாபனம்னு ஒரு பலகை

லாபத்துக்குச் செய்யறது தடைன்னா, லாபம் இல்லாம செய்யலாம் இல்லையா? 1951-ல் கன்ஸ்யூமர் கிரெடிட் தேசிய அறக்கட்டளை தொடங்கியது. ஊர் ஊரா லாப நோக்கில்லாத கடன் ஆலோசனை மையங்கள் வந்தன. உக்காந்து வரவு செலவு பார்த்து, வழி சொல்லி, தேவைன்னா தவணைத் திட்டம் போட்டுக் குடுத்தாங்க. செலவுக்குப் பணம்? கடன் குடுத்த கம்பெனிகளே, வசூலாகிற தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் குடுத்தன. அதுக்கு 'ஃபேர் ஷேர்'னு பெயர். கடனாளிக்கு ஆலோசனை சொல்றவருக்கு, கடன் குடுத்தவர் சம்பளம் குடுக்கிறார். உறுத்தலான ஏற்பாடுதான். இருந்தாலும் பல மையங்கள் உண்மையாவே நல்லது செய்தன, அதை மறைக்கக் கூடாது.

1990-கள்ல கிரெடிட் கார்டு கடன் ஏறிக்கிட்டே போனபோது புது ரகம் ஒண்ணு முளைச்சது. வெளியே 'லாப நோக்கமற்றது'ன்னு பலகை, உள்ளே பக்கத்திலேயே ஒரு லாபக் கம்பெனி. தர்ம ஸ்தாபனம் விளம்பரம் பண்ணி ஆள் பிடிக்கும், கணக்கு வழக்கு பார்க்கிற வேலையை லாபக் கம்பெனிக்குக் குத்தகை விடும், பணம் அந்த வழியா வெளியே போகும்.

பெரிய உதாரணம் மேரிலாண்டில் இருந்த அமெரிடெப்ட். முன்பணம் எதுவும் கிடையாதுன்னு விளம்பரம் பண்ணிட்டு, வாடிக்கையாளர் கட்டின முதல் மாசப் பணத்தைக் கடன்காரங்களுக்கு அனுப்பாம தானே 'நன்கொடை'யா எடுத்துக்கிச்சுன்னு ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003-ல் வழக்குப் போட்டது. வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. கமிஷன் பெயரைச் சுருக்கமா எஃப்.டி.சி-ன்னு வெச்சுக்குவோம். 2004-ல் செனட் துணைக்குழு, நார்ம் கோல்மனும் கார்ல் லெவினும் முன்னின்று, இந்தத் தர்ம ஸ்தாபனங்களைப் பத்தி விசாரணை நடத்தியது.

2006-ல் அதை நடத்தினவருக்கு எதிரா 17 கோடி 20 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு பதிவாச்சு. ஆஹான்னு சந்தோஷப்படாதீங்க. 3 கோடி 50 லட்சம் வரைக்கும் சொத்தை ஒப்படைச்சா மீதியை நிறுத்தி வைக்கிறோம்னு ஏற்பாடு. அதையும் ஒழுங்கா ஒப்படைக்காததால 2007-ல் கோர்ட் அவமதிப்புக்காக அவர் ஜெயிலுக்குப் போனார். 2008-ல் எஃப்.டி.சி காசோலை அனுப்பியபோது சுமார் 2,87,000 பேருக்குப் பிரிச்சது 1 கோடி 27 லட்சம் டாலர். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க, சராசரியா தலைக்கு 44 டாலர்! யானை வாயில் போன கரும்பு மாதிரி, சக்கையைத்தான் பிடுங்க முடிஞ்சது.

கடனாளி தானே வழக்குப் போடலாமா?

அரசாங்கம் வந்து காப்பாத்தும்னு காத்திருக்காம பாதிக்கப்பட்டவரே கோர்ட்டுக்குப் போக ஒரு நல்ல ஆயுதம் 1996-ல் வந்தது. 'கிரெடிட் ரிப்பேர்' நிறுவனங்களுக்கான மத்திய சட்டம். அதில் இருக்கிறதைப் பாருங்க. வேலை முழுசா முடியுமுன்னே காசு வாங்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட மூணு வேலை நாளுக்குள் ரத்து பண்ணலாம். சட்டத்துக்குப் புறம்பான ஒப்பந்தம் செல்லாது. 'என் உரிமையை விட்டுக் குடுக்கிறேன்'னு வாடிக்கையாளரே எழுதிக் குடுத்திருந்தாலும் அது செல்லாது. வழக்குப் போட்டு ஜெயிச்சா நஷ்டம் அல்லது கட்டின தொகை, இதில் எது அதிகமோ அது கிடைக்கும். மேல தண்டனைத் தொகை, வக்கீல் செலவு வேற.

எல்லாம் சரி, ஆனா வரி விலக்கு பெற்ற லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு இது பொருந்தாது. மறுபடியும் விதிவிலக்கு!

அந்தக் கதவை உடைச்சது மாசசூசெட்ஸில் நடந்த கேம்பிரிட்ஜ் கிரெடிட் கவுன்சலிங் வழக்கு. "எங்ககிட்ட வரித்துறைச் சான்றிதழ் இருக்கு, எங்க மேல வழக்கு செல்லாது"ன்னு நிறுவனம் வாதாடியது. 2005-ல் முதல் சர்க்யூட் அப்பீல் கோர்ட் சொன்னது: சான்றிதழ் மட்டும் போதாது, நிஜமாவே லாப நோக்கம் இல்லாம நடக்கணும். பலகையைப் பார்க்காதே, கல்லாவைப் பார். கடன் திட்டம் விற்கும்போது 'உங்க கிரெடிட் சரியாகும்'னு சேர்த்துச் சொல்லியிருந்தா, அந்தச் சட்டத்துக்குள்ள வந்துடறாங்க. அந்தக் கூட்டு வழக்கு கடைசியில் 25 கோடி டாலருக்கு மேலான தீர்ப்பில் முடிஞ்சது, 2010-ல் அப்பீலிலும் நின்றது. தனி மனுஷங்க சேர்ந்து போட்ட வழக்குக்கு இது பெரிய வெற்றி.

அதே சமயத்தில் சட்டசபைகளும் சும்மா இல்லை. எல்லா மாநிலத்துக்கும் மாதிரியா ஒரு கடன் மேலாண்மைச் சேவைச் சட்டத்தை 2005-ல் தயார் பண்ணாங்க. பதிவு செய்யாத நிறுவனத்தோட ஒப்பந்தம் செல்லாது, கட்டினதைத் திரும்ப வாங்கலாம், தனிநபர் நேரா வழக்குப் போடலாம். கான்சாஸ் பூட்டில் இல்லாத சாவி இதுதான். ஆனா யூட்டா, டெலவேர், ரோட் ஐலண்ட் மாதிரி சில மாநிலங்கள் மட்டும்தான் எடுத்துக்கிட்டன. 2006-ல் வரிச் சட்டத்தையும் இறுக்கினாங்க. காசு இல்லைன்னு ஆலோசனை மறுக்கக் கூடாது, நிர்வாகக் குழுவில் பொதுநலப் பிரதிநிதிகள் பெரும்பான்மையா இருக்கணும்னு நிபந்தனை வந்தது.

வேடிக்கை என்னன்னா, 2005-ல் திவால் சட்டத்தை மாத்தினபோது, திவால் மனு போடறதுக்கு முன்னாடி அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசனை மையத்துக்குப் போயே ஆகணும்னு கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஒரு கையால் செனட்டில் விசாரணை, இன்னொரு கையால் ஆள் அனுப்பறது!

கடனைக் கட்டாதீங்க, எனக்குக் கட்டுங்க

இதுக்குள்ள குரங்கு அடுத்த மரத்துக்குத் தாவியாச்சு. பெயர் 'டெப்ட் செட்டில்மென்ட்'. இதுல தர்ம வேஷம்கூடத் தேவையில்லை. "கார்டுக்குக் கட்டறதை நிறுத்துங்க. அந்தப் பணத்தை ஒரு கணக்கில் சேருங்க. ரெண்டு மூணு வருஷத்தில் நாங்க பேசி, 20,000 கடனைப் பாதிக்கு முடிச்சுத் தர்றோம்." ஆனா ஆரம்ப மாசங்களில் சேர்கிற பணம் பெரும்பாலும் நிறுவனத்தின் கட்டணத்துக்கே போகும். அந்தப் பக்கம் வட்டி ஏறும், அபராதம் ஏறும், கார்டு கம்பெனி வழக்குப் போடும். பாதியில் வாடிக்கையாளர் வெளியேறினா, கடன் பழையதைவிட அதிகம், கட்டணம் போனது போனதுதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

2010-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு, கடனாளி மாதிரி நடிச்சு 20 நிறுவனங்களுக்குப் போன் பண்ணிப் பார்த்தது. 17 நிறுவனம் கடனை முடிக்கிறதுக்கு முன்னாடியே கட்டணம் வாங்குறதா சொல்லியது. அதே வருஷம் எஃப்.டி.சி தன் டெலிமார்க்கெட்டிங் விதியைத் திருத்தியது. 2010 அக்டோபர் 27 முதல் புது விதி: குறைஞ்சது ஒரு கடனாவது பேசி முடிஞ்சிருக்கணும், வாடிக்கையாளர் அதை ஒத்துக்கிட்டிருக்கணும், அந்த ஏற்பாட்டின்படி ஒரு தவணையாவது கட்டியிருக்கணும். அதுக்கு அப்புறம்தான் கூலி, அதுவும் அந்தக் கடனுக்கான பங்கு மட்டும். சேர்க்கிற கணக்கு வாடிக்கையாளருக்குத்தான் சொந்தம், எப்போ வேணும்னாலும் அபராதம் இல்லாம வெளியே வரலாம், ஏழு வேலை நாளுக்குள் பணம் திரும்ப வரணும்.

என்னைக் கேட்டா இந்த மொத்த வரலாற்றிலும் உருப்படியான ஒரே வரி இதுதான். தடை இல்லை, ஜெயில் இல்லை, கோடிக்கணக்கில் தீர்ப்பு இல்லை. வேலையை முடி, அப்புறம் காசு வாங்கு. அவ்வளவுதான். குரங்கு கையில் அப்பத்தைக் குடுத்தாத்தானே திரும்ப வாங்க அலையணும்?

பூட்டுக்குப் பூட்டு ஓட்டை

இந்த விதிக்கும் ரெண்டு சந்து இருந்தது. முதல் சந்து கான்சாஸ் காலத்துப் பழைய நண்பர்: வக்கீல். மார்கன் ட்ரெக்சன் என்ற நிறுவனம் வக்கீல்களை முன்னால் நிறுத்தி ரெண்டு ஒப்பந்தம் போட்டது. ஒண்ணு கடன் பேசி முடிக்க, இன்னொண்ணு திவால் மனு வேலைக்கு. முன்பணமா வாங்கினதைத் திவால் வேலைக்கான கட்டணம்னு கணக்கு காட்டியது. 2010 சட்டத்தால் உருவான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2013-ல் வழக்குப் போட்டது. நிறுவனம் ஆதாரத்தையே ஜோடிச்சதுன்னு கண்டுபிடிச்ச கோர்ட், அதுக்குத் தண்டனையா நிறுவனத்துக்கு எதிரா முடிவு பண்ணியது. 2016-ல் சுமார் 13 கோடி 30 லட்சம் டாலர் திருப்பித் தரணும், 4 கோடி அபராதம்னு உத்தரவு. ஆனா நிறுவனம் அதுக்கு முந்தின வருஷமே திவால்! கடன் தீர்க்கிற கம்பெனியே கடன்ல மூழ்கிப் போச்சு.

ரெண்டாவது சந்து: நேருக்கு நேர் சந்திச்சுப் பேசி விற்றா இந்த விதி பொருந்தாது. அது டெலிமார்க்கெட்டிங் விதி ஆச்சே. 2024 ஜனவரியில் ஸ்ட்ராட்எஃப்எஸ் நிறுவனத்து மேல ஆணையமும் ஏழு மாநிலங்களும் சேர்ந்து போட்ட வழக்கின் குற்றச்சாட்டு இதுதான்: போனில் விற்றுட்டு, கையெழுத்து வாங்க மட்டும் ஒரு நோட்டரியை வீட்டுக்கு அனுப்பி, 'பாருங்க, நேர்ல சந்திச்சோம்'னு கணக்கு காட்டி முன்பணம் வாங்கினாங்க. 10 கோடி டாலருக்கு மேல வாங்கினதா வழக்கு சொல்லியது.

தனிநபர் வழக்கோட கதவும் இதுக்கு நடுவில் குறுகிடுச்சு. 1996 சட்டம் 'வழக்குத் தொடர உங்களுக்கு உரிமை உண்டு'ன்னு சொல்லுதே, அதை நம்பி ஒரு கார்டு நிறுவனத்து மேல கூட்டு வழக்குப் போட்டாங்க. கிரெடிட்டைச் சீர்படுத்தலாம்னு விற்ற கார்டு. 300 டாலர் வரம்பு, அதில் முதல் வருஷக் கட்டணமே 257 டாலர்! 2012-ல் சுப்ரீம் கோர்ட், காம்ப்யூகிரெடிட் வழக்கில், ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம்னு எழுதியிருந்தா அங்கேதான் போகணும்னு சொல்லிடுச்சு. தீர்ப்பு எழுதினவர் ஸ்காலியா, எட்டுக்கு ஒண்ணு. எதிர்த்த அந்த ஒருத்தர் கின்ஸ்பர்க். சாதாரண மனுஷன் 'வழக்குப் போடும் உரிமை'ன்னு படிச்சா கோர்ட்டைத்தானே நினைப்பான்ங்கிறது அவங்க வாதம். ரொம்ப நியாயம்.

முன்பண விதியை மீறினா தனிநபர் வழக்குப் போடலாமா? போடலாம், நஷ்டம் 50,000 டாலருக்கு மேல இருந்தா! கடன்ல தவிக்கிறவர் யார் அவ்வளவு கட்டணம் கட்டியிருப்பார்? அதனால இந்த நல்ல விதியைப் பெரும்பாலும் அரசுதான் கையில் எடுக்க முடியும். தனிநபருக்கு அடுத்த வழி மாநில நுகர்வோர் சட்டங்கள். பல மாநிலங்களில் ஏமாத்தினது நிரூபணமானா நஷ்டத்தைப் பெருக்கி வாங்கலாம், வக்கீல் செலவும் கிடைக்கும்.

அரசின் கைக்கும் ஒரு கட்டு விழுந்தது. 2021 ஏப்ரல் 22, ஏஎம்ஜி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரே குரலில், எஃப்.டி.சி இத்தனை வருஷம் பயன்படுத்தின ஒரு சட்டப்பிரிவின் கீழ் பணத்தைத் திருப்பித் தரச் சொல்ல முடியாதுன்னு சொல்லியது. கான்சாஸ் தீர்ப்பு வந்து சரியா 58 வருஷம், அதே தேதி! டெலிமார்க்கெட்டிங் விதியை மீறினவங்ககிட்ட வாங்க வேற பிரிவு இருக்கு, அது தப்பிச்சது.

அமெரிடெப்ட் ஆசாமியோட கதையும் இன்னும் முடியலை. அவர் பின்னாடி பெலீஸ் நாட்டில் மனை விற்கிற வியாபாரத்தில் இறங்க, 2018-ல் எஃப்.டி.சி மறுபடி பிடிச்சது. 2020-ல் 12 கோடி டாலருக்கு மேல தீர்ப்பு. ஏஎம்ஜி தீர்ப்பு வந்ததும் அது அடிபட்டிருக்கணும். ஆனா 2022-ல் அப்பீல் கோர்ட், பழைய அமெரிடெப்ட் உத்தரவை மீறினதுக்கான அவமதிப்புத் தொகையா அதே பணத்தை நிலைநிறுத்தியது. 2006-ல் எழுதின தாள் பதினாறு வருஷம் கழிச்சு வேலை செய்தது.

சரி, நிறுவனம் திவால் ஆனா என்ன வழி? லெக்ஸிங்டன் லா என்ற கிரெடிட் ரிப்பேர் வழக்கில், முன்பண விதியை மீறினதா தீர்ப்பு வந்து நிறுவனம் 2023-ல் திவாலுக்குப் போனது. 2024 டிசம்பரில் ஆணையம் 43 லட்சம் பேருக்கு 180 கோடி டாலர் அனுப்புறதா அறிவிச்சது. அந்தப் பணம் வந்தது மத்த நிறுவனங்கள் கட்டின அபராதத்தைச் சேர்த்து வெச்ச நிதியிலிருந்து. ஒரு குரங்கு தின்னதுக்கு இன்னொரு குரங்கு கிட்ட வாங்கிக் குடுத்த மாதிரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது.

மொத்தமா பார்த்தா, ஒவ்வொரு சட்டத்திலும் அடுத்த ஏமாத்து வேலை விதிவிலக்கு எழுதின வரிக்குள்ளதான் குடி வந்திருக்கு. வக்கீல், தர்ம ஸ்தாபனம், நேர்ச் சந்திப்பு. நம்ம மொழியில் சொன்னா, எக்ஸெப்ஷன் எழுதுற இடத்தில்தான் பக் வரும். பணம் கை மாறின பிறகு வர்ற எந்தத் தீர்ப்பும் தலைக்கு 44 டாலர் மாதிரிதான் முடியும், அபூர்வமா சில தடவை தவிர. அதனால அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் யாராவது இந்த மாதிரி நிறுவனத்துகிட்ட போறதா இருந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கூலி எப்போ?" முதல்லன்னு பதில் வந்தா போனை வெச்சுடுங்க. ஏற்கெனவே மாட்டியிருந்தா, அந்தக் கணக்கில் இருக்கிறது உங்க பணம், எடுத்துக்கிட்டு வெளியே வரலாம். மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸுக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்க. கடன் ஆலோசனை வேணும்னா, திவால் கோர்ட்டுக்காக அங்கீகாரம் பெற்ற மையங்களோட பட்டியலை அமெரிக்க நீதித்துறை வெச்சிருக்கு, அதிலிருந்து தேடுங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். நிஜமான பிரச்சினைக்கு நிஜமான வக்கீலைப் பாருங்க. அவர்கிட்டயும் கூலி எப்போன்னு கேட்டுக்கோங்க :-)